நம்ம புத்தகம் எந்தத் தலைப்பில் இருக்கிறது?

(ஊர்ப் படிப்பகம் ஒன்றில் நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை தொடங்கிய அன்று பேசியது. பேச்சுநடை கொஞ்சம் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. பகலில் வங்கி எழுத்தர், ராத்திரியில் கவிதை. போன மாதம் தோழர்கள் இரண்டு பேர் வங்கிக்கே வந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நம்ம படிப்பகத்துப் புத்தகத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறோம், நீங்க வந்து பேசணும்"னாங்க. அம்பேத்கர் பற்றிப் பேசவா, இலக்கியம் பற்றிப் பேசவா என்று கேட்டேன். "பட்டியலைப் பத்தியே பேசுங்க"ன்னுட்டாங்க. பட்டியலைப் பற்றி அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இருக்கிறது. நூற்பட்டியலோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருசத்துக்கு முன்னால் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி பயிர்க்கடன் விசயமாக வந்தார். கையில் பழைய நிலப் பதிவேட்டின் நகல். குறிப்பு எழுதும் பத்தியில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து. நிலம் இன்னொருத்தர் அனுபவத்தில் இருக்கிறது. "இது என்னண்ணே, டிசின்னு போட்டிருக்கு? தாத்தா பேரு இருக்கு. நிலம் மட்டும் எங்கிட்ட இல்ல" என்றார்.

டி.சி. என்றால் டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு. அது பஞ்சமி நிலம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1891இல் செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். சேரிக்காரன் குடியிருக்கும் மனைகூட அவனுக்குச் சொந்தமில்லை, அதனால்தான் மிராசுதாரரை எதிர்த்து அவனால் வாய் திறக்க முடியவில்லை என்பதை அந்தக் குறிப்பு காட்டியது. அதைத் தொட்டு 1892இல் அரசாணை வந்தது. நிலம் கொடுத்தார்கள், நிபந்தனையோடு. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம் மக்களுக்கு மட்டும்தான் விற்கலாம். அப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இதெல்லாம் இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மனு எழுத வேண்டும். மனுவுக்கு ஆதாரம் வேண்டும். "நான் தேடித் தர்றேன் தம்பி"ன்னு வாய்ச்சவடால் விட்டுட்டேன். ஒரு லீவு நாளில் பெரிய நூலகம் ஒன்றுக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கணினி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து 'பஞ்சமி நிலம்' என்று தட்டினேன். ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்தில் 'பஞ்சமி' என்று அடித்தேன். விரத மகிமை பற்றிய ஒரு புத்தகம் வந்தது. 'டி.சி. லேண்ட்' – இல்லை. 'தலித், நிலம்' – சமீபத்தில் வந்த இரண்டு புத்தகங்கள். இரண்டும் நம்ம வீட்டிலேயே இருக்கிறவை.

வெறுத்துப்போய் வெளியே டீ குடிக்க வந்தேன். அங்கே புத்தகம் அடுக்கும் ஒப்பந்த ஊழியர் ஒருவர், வயசானவர், பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்ன தேடினேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, அந்தக் காலத்து வெள்ளைக்காரன் நம்மள என்ன பேரு சொல்லி எழுதுனானோ அந்தப் பேரப் போடு. ஊரையும் அவன் எழுதுன மாதிரியே போடு."

உள்ளே போனேன். நம் சாதிப் பெயரை ஆங்கிலேயர்கள் எப்படி எழுதினார்களோ, அகராதியில் 'ஒதுக்கப்பட்டவன்' என்றே பொருளாகிப்போன அந்த வார்த்தை, அதைத் தட்டினேன். செங்கல்பட்டு என்பதற்குச் 'சிங்கிள்புட்' என்று தட்டினேன். வந்துவிட்டது. டிரமன்ஹீர் குறிப்பு. அதன் தலைப்பே அந்த இரண்டு வார்த்தைகளால் ஆனது. 'பஞ்சமி' என்ற சொல்லும் இல்லை, 'தலித்' என்ற சொல்லும் இல்லை.

தோழர்களே, அன்றைக்கு எனக்குச் சந்தோசம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தத் தம்பியின் தாத்தா நிலத்தைக் கண்டுபிடிக்க, அந்தத் தாத்தாவைத் திட்டிய சொல்லை நான் என் விரலால் தட்ட வேண்டியிருந்தது. அது தெரியாதவனுக்குக் கதவு திறக்காது. தெரிந்து சொன்னவர் அந்த நூலகத்தின் நிரந்தர ஊழியர்கூடக் கிடையாது.

இதுதான் என் வழக்கு. இனிமேல் இது ஏன் இப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

வங்கியில் ஒரு தொகை வந்து, அது யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டு வைப்போம். பணம் எங்கேயும் போகவில்லை. வங்கிக்குள்தான் இருக்கிறது. ஆனால் உரியவர் வந்து கேட்டால், "உங்க கணக்குல வரவு இல்லீங்களே" என்றுதான் கவுண்டரில் பதில் கிடைக்கும். வங்கியில் தணிக்கைக்கு வருகிறவர் இந்தத் தொகை ஏன் இன்னும் சஸ்பென்ஸில் கிடக்கிறது என்று கேட்பார். நூலகத்தில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. நம்முடைய வரலாற்றில் பெரும்பகுதி நூலகங்களின் சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கிறது.

கணக்குக்குத் தலைப்பு இருப்பதுபோல் புத்தகத்துக்கும் பொருள் தலைப்பு உண்டு. 1876இல் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் பட்டியல் தயாரிக்கும் விதிகளை எழுதினார். ஒருத்தர் ஆசிரியர் பெயரை வைத்து வந்தாலும், புத்தகப் பெயரை வைத்து வந்தாலும், விசயத்தை மட்டும் வைத்து வந்தாலும் பட்டியல் அவருக்குப் புத்தகத்தைக் காட்ட வேண்டும் என்றார். மூன்றாவதுதான் கஷ்டம். ஆசிரியர் பெயர் அட்டையில் இருக்கிறது. புத்தகப் பெயரும் இருக்கிறது. விசயத்துக்குப் பெயர் வைப்பது யார்? உட்கார்ந்து பட்டியல் எழுதுகிற ஆள். அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் தலைப்புப் பட்டியல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துடையது. 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்' என்பார்கள். நம்ம ஊர் காங்கிரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1898இல் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. ஒரு விசயத்துக்குப் பல பெயர் இருந்தால் ஒன்றைத் தலைப்பாக வைப்பார்கள். மற்ற பெயர்களுக்கு 'அதைப் பார்க்க' என்று ஒரு வழிகாட்டி அட்டை போடுவார்கள். 1960களில் ஹென்றியட் ஆவ்ரம் என்ற பெண்மணி இதையெல்லாம் கணினி படிக்கிற வடிவத்துக்கு மாற்றினார். அதற்கு 'மார்க்' என்று பெயர். அதில் 650 என்ற எண்ணிட்ட இடத்தில் பொருள் தலைப்பு வரும். நாளையிலிருந்து நீங்கள் நிரப்பப் போகிற கட்டமும் அதுதான்.

கணினிப் பட்டியல் வந்த புதிதில் ஒரு தொல்லை. தலைப்பு எப்படி எழுதியிருக்கிறதோ அதே மாதிரி தட்டினால்தான் வரும். ஆனால் வாசகருக்கு அந்தத் தலைப்பு எப்படித் தெரியும்? தோற்றுப்போய் ஆட்கள் மெல்ல மெல்லச் சொல்தேடலுக்குப் போனார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பட்டியலில் பொருள் தேடல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போனதை 1991இல் ரே லார்சன் என்பவர் ஆராய்ந்து எழுதினார். அதற்கு முன்பே 1986இல் மார்சியா பேட்ஸ் ஒரு வழி சொன்னார்: வாசகர்கள் வாயில் வரக்கூடிய எல்லாச் சொல்லையும் வாசலிலேயே சேர்த்து வையுங்கள், எந்தச் சொல்லோடு வந்தாலும் உள்ளே அழைத்துப்போங்கள். எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. எந்தச் சொல்லோடு வந்தாலும் உள்ளே விடு. நம் மக்கள் கோயில் வாசலில் கேட்டதும் இதுதானே.

"கூகுள்ல அடிச்சாலே வருது, இந்தத் தலைப்பெல்லாம் எதுக்கு?" என்று மாணவத் தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொல்தேடல் பதிவில் எழுதியிருக்கிற சொற்களில்தான் தேடும். பதிவில் யாரோ ஒருத்தர் தலைப்புகளை எழுதி வைத்திருப்பதால்தான் சொல்தேடலிலும் பாதி விசயம் சிக்குகிறது. 2005இல் டினா கிராஸ், ஆர்லின் டெய்லர் என்ற இரண்டு பேர் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பதிவுகளில் பொருள் தலைப்பு இல்லாமல் போனால், சொல்தேடலில் இப்போது கிடைக்கிறவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காமல் போகும் என்று தெரிந்தது. யாரோ தட்டி வைத்தால்தான் இயந்திரம் எடுத்துக் கொடுக்கும். தட்டாததை அதனால் எடுக்க முடியாது.

சரி, தட்டி வைக்கிற சொல் எது?

நம்மை எத்தனை பேர் சொல்லி அழைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பஞ்சமர் என்றார்கள். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகு ஆதிதிராவிடர் என்று அரசுப் பதிவில் வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்றார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அட்டவணைச் சாதி. காந்தி அரிசன் என்றார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பிறகு நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர் தலித். 2018இல் மத்திய அரசின் செய்தித்துறை, 'தலித்' என்று சொல்லாமல் 'அட்டவணைச் சாதி' என்றே சொல்லுங்கள் என்று தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. நாம் வைத்த பெயரும் அவர்களுக்கு உறுத்துகிறது.

இதில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காலம். அந்தந்தக் காலத்துக் காகிதத்தில் அந்தந்தப் பெயர்தான் இருக்கும். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். திட்டின சொல்லை எடுத்து நெற்றியில் எழுதிக்கொண்ட தைரியம் அது. 'தலித்' என்று மட்டும் தேடுகிற ஆய்வு மாணவருக்கு அந்தப் பத்திரிகை அகப்படாது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலில் நமக்கு நெடுங்காலம் 'தீண்டத்தகாதவர்' என்பதுதான் தலைப்பு. அம்பேத்கரைத் தேடிப் போனாலும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு அது 'தலித்துகள்' என்று மாறியது. பழைய சொல் இப்போது வழிகாட்டி அட்டையாக மட்டும் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துப் போடுகிற நூலகங்களில் எல்லாம் மாற்றியாகிவிட்டதா என்று நீங்களே தட்டிப் பாருங்கள். நான் பார்த்த வரையில் நிறைய இடத்தில் பழைய பலகை கழற்றப்படாமல் தொங்குகிறது.

இப்படிப்பட்ட சண்டையை உலகத்தில் பலரும் போட்டிருக்கிறார்கள். சான்ஃபோர்டு பெர்மன் என்ற வெள்ளைக்கார நூலகர் 1960களின் கடைசியில் ஜாம்பியாவில் வேலை பார்த்தார். அமெரிக்கப் பட்டியலில் 'காஃபிர்' என்ற தலைப்பு இருப்பதையும், ஆப்பிரிக்க மக்களுக்கு அது எவ்வளவு கேவலமான வசைச்சொல் என்பதையும் அங்கே தெரிந்துகொண்டார். 1971இல், மனிதர்களைப் பற்றிய தலைப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது ஏன் தவறு, இதற்குப் பதில் என்ன என்று ஒரு புத்தகமே போட்டார். பல தலைப்புகள் அப்புறம் மாறின. 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து காகிதம் இல்லாமல் வாழ்கிறவர்களைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று தலைப்பிட்டிருப்பதை மாற்றக் கேட்டார்கள். 2016இல் நூலகம் ஒத்துக்கொண்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். 2021இல்தான் மாறியது, அதுவும் மாணவர்கள் கேட்ட மாதிரி முழுசாக இல்லை. ஒரு நூலகத் தலைப்புக்காக நாடாளுமன்றம் மல்லுக்கு நிற்கிறது என்றால் அந்த 650ஆம் கட்டம் சின்ன விசயம் இல்லை.

அடுத்தது அலமாரி. இது என் சொந்தக் காயம், சுருக்கமாகச் சொல்கிறேன். என் முதல் கவிதைத் தொகுப்பு ஒரு நூலகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையாகப் பார்க்கப் போனேன். கவிதை அலமாரியில் இல்லை. சமூகவியலில் இருந்தது. தூவி தசம எண்ணில் 305.5688, தலித்துகளுக்கு ஒதுக்கிய எண். ஒரு பக்கம் இடஒதுக்கீட்டுப் புள்ளிவிவரம், இன்னொரு பக்கம் வன்கொடுமைச் சட்ட விளக்கவுரை. நடுவில் நான் என் காதலைப் பற்றி எழுதிய கவிதைகள். ஊரில் மட்டுமா தனித் தெரு?

பிறகுதான் டாரதி போர்ட்டரைப் பற்றிப் படித்தேன். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930லிருந்து கறுப்பின மக்களின் நூல்களைத் திரட்டிய கறுப்பின நூலகர். அப்போது தூவி முறையில் கறுப்பர்களுக்கு இரண்டு எண்கள்தான். 326 என்றால் அடிமைமுறை. 325 என்றால் குடியேற்றம். கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதைப் புத்தகத்தைக்கூட வெள்ளையர் நூலகங்கள் 325இல் வைத்தன. டாரதி போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையில் வைத்தார், இசையை இசையில் வைத்தார், வரலாற்றை வரலாற்றில் வைத்தார். அந்தத் தசம முறையை உண்டாக்கிய மெல்வில் தூவி தன் கிளப்பில் யூதர்களையும் கறுப்பர்களையும் சேர்க்காத ஆள். 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது.

ஆனால் கோபத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கவிதை அலமாரிக்குப் போனால் மட்டும் போதாது. கதை, கவிதைப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் பொருள் தலைப்பே போடுவதில்லை. 1968இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றதைப் பற்றி நாவல் இருக்கிறது, கவிதைகள் இருக்கின்றன. 'வெண்மணி' என்று தேடினால் ஆய்வு நூல் வரும். பேரில் அந்தச் சொல் இல்லாத நாவல் வராது. அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம்தான் கொடுக்க முடியும். பட்டியலில் பத்துத் தலைப்புக் கொடுக்கலாம், காசு செலவில்லை. என் தொகுப்பு கவிதை அலமாரியில் இருக்கட்டும். பட்டியலில் கவிதை, தலித் எழுத்தாளர், காதல், வங்கி ஊழியர் என்று எல்லாத் தலைப்பிலும் வரட்டும்.

மூன்றாவது விசயம், எழுத்து. வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ் நூல்களை உரோமன் எழுத்தில் ஏற்றுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதில் 'த' என்றால் டி என்ற எழுத்துத்தான், எப்போதும். ஆகவே தமிழ்ப் புத்தகத்தின் பெயரில் வரும் தலித், 'டலிட்' மாதிரி டி-யில் தொடங்கும். அதாவது ஆங்கிலத்தில் தலித்துக்கு நாம் போடுகிற நாலாவது எழுத்து அங்கே கிடையாது. 'ச' என்றால் சி மட்டும், பக்கத்தில் எச் வராது. பஞ்சமி, சேரி, சாதி எல்லாவற்றுக்கும் அப்படியே. நாம் எச் போட்டுத் தட்டினால் வராது. அந்த முறை தவறு என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக ஒரே மாதிரி எழுதுவதற்கு அது உதவும். ஆனால் அதை நமக்குச் சொல்லித் தந்தது யார்?

தமிழ் எழுத்திலேயே தேடினாலும் சிக்கல் உண்டு. நம் மொழியில் சொல் நின்ற இடத்தில் நிற்காது. நிலம், நிலத்தை, நிலப் போராட்டம், நிலமீட்பு. 'பஞ்சமி நிலம்' என்று தேடினால் 'பஞ்சமி நிலப் போராட்டம்' தப்பிவிடும். 'நில' என்று நிறுத்தி உடுக்குறி போட வேண்டும். இன்னொன்று, 'கொ' மாதிரி எழுத்துகளைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்த்து ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான். ஒழுங்குபடுத்தாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு. பழைய எழுத்துருவில் தட்டிய பதிவுகளோ யூனிகோடு தேடலில் அகப்படவே அகப்படாது.

பெயர்களும் அப்படித்தான். அயோத்திதாசர், அயோத்திதாசப் பண்டிதர், க. அயோத்திதாஸ். ஆங்கிலத்தில் ஐ-யில் தொடங்கி ஒன்று, ஏ-யில் தொடங்கி ஒன்று, கடைசியில் எத்தனையோ விதம். வங்கியில் எனக்கு இது தினப்படி வேலை. முனியம்மாள் என்று ஒரே அம்மாவுக்கு மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று வாடிக்கையாளர் எண் இருக்கும். நூறு நாள் வேலைக் கூலி ஒன்றில் விழும், முதியோர் பணம் இன்னொன்றில் விழும், அந்த அம்மா கொண்டுவருகிற பாஸ்புக் மூன்றாவதாக இருக்கும். "பணம் வரலம்மா"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. மூன்றையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டால் பணம் இருக்கும். பட்டியலில் அதற்கு 'அதிகாரக் கோப்பு' என்றே பெயர். ஒரு ஆள், ஒரு பதிவு, எத்தனை பெயர் வேண்டுமானாலும் உள்ளே.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று – இவை அதில் மூன்று. ஒரு பொருளை இடம், காலம், செயல் என்று முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1933இல் கொடுத்தார். இன்று இணையப் பட்டியல்களில் இடது பக்கம் ஆண்டு, மொழி, இடம் என்று வடிகட்டப் பெட்டிகள் வருகிறதே, அந்த யோசனைக்கு வேர் அவரிடம் இருக்கிறது. அவர் அக்கிரகாரத்துக்காரர் என்பதற்காக அந்த விதிகளைத் தள்ள வேண்டியதில்லை. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டே நூலகத்தைப் பார்த்துக் கேட்போம்: பஞ்சமி நிலத்துக்காரருக்கு உரிய நூல் எங்கே? டிரமன்ஹீர் குறிப்புக்கு உரிய வாசகர் ஏன் அதுவரை வந்து சேரவில்லை?

நம் படிப்பகத்தில் 1200 புத்தகம். கோஹா என்ற மென்பொருளில் ஏற்றப் போவதாகச் சொன்னார்கள். நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காகச் செய்து 2000இல் ஓட ஆரம்பித்தது. யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். மாவோரி மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள். வேலையைத் தொடங்குமுன் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

ஒன்று. தலைப்புச் சொல்லை நாமே முடிவு செய்வோம். ஆனால் பழைய சொல் எதையும் அழிக்க வேண்டாம். இழிசொல் தலைப்பாக மேலே தொங்கக் கூடாது; வழிகாட்டி அட்டையாக உள்ளே இருக்கட்டும். தொல்லாவணங்களின் பூட்டு அந்தச் சொல்லால் செய்தது. சாவியைத் தூக்கி எறிந்துவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

இரண்டு. எல்லாவற்றையும் 'தலித்' என்ற ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். அருந்ததியர் பற்றிய நூலுக்கு அருந்ததியர் என்ற தலைப்பு முதலில் வரவேண்டும். 2009இல் உள்ஒதுக்கீடு வந்தபோது தங்களைப் பற்றிய தரவு எங்கே என்று அவர்கள் தேடினார்கள். 2021இல் சட்டப்படி தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் வந்திருக்கிறது. அவர்களில் பலர் தலித் என்ற சொல்லே வேண்டாம் என்கிறார்கள். நமக்கு அதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதை மேடையில் பேசுவோம், பத்திரிகையில் எழுதுவோம். பட்டியலில் அவர்கள் பெயரை அவர்கள் சொல்கிறபடி போடுவோம். பெயர் வைக்கும் அதிகாரத்தைப் பறிகொடுத்தவர்கள் நாம். அதை இன்னொருத்தரிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது.

மூன்று. ஊர்ப்பெயர் போடுங்கள். வெண்மணி, மேலவளவு, காரணை. நம் வரலாறு ஊர்ப்பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலையும், இப்போதைய எழுத்துக்கூட்டலையும், நம்ம சனம் சொல்கிற பேரையும் சேர்த்துப் போடுங்கள்.

நான்கு. கதை கவிதைக்கும் பொருள் தலைப்புக் கொடுங்கள். தொகுப்பு நூல், சிறுபத்திரிகை என்றால் உள்ளடக்கத்தை முழுசாகத் தட்டுங்கள். நம் எழுத்தில் முக்கால்வாசி முப்பது பக்கச் சிறுபத்திரிகையில்தான் இருக்கிறது. இதழின் பெயரை மட்டும் போட்டால் உள்ளே இருப்பவர்கள் காணாமல் போவார்கள்.

ஐந்து. தேடிக் கிடைக்காதவர்கள் என்ன சொல் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணினிக்குப் பக்கத்திலேயே நோட்டும் பேனாவும் இருக்கட்டும். மாதம் ஒரு முறை உட்கார்ந்து அந்தச் சொற்களை எல்லாம் சரியான தலைப்போடு இணையுங்கள். அந்த நோட்டுத்தான் உங்கள் தணிக்கை. படிக்காத அம்மா ஒருத்தர் வந்து "எம்புருசன் நிலத்தப் பத்தி ஏதாச்சும் இருக்கா"ன்னு கேட்டாலும் அதையும் எழுதுங்கள்.

அந்தத் தம்பிக்கு நிலம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. குறிப்பின் நகலை மனுவோடு இணைத்தோம். மனு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அவர் ஊரில் இன்னும் பத்துப் பேர் பழைய காகிதத்தோடு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரியும். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

அந்த நகலில் ஒரு பிரதி கொண்டு வந்திருக்கிறேன். படிப்பகத்துக்கு என் கொடை. இதையே முதல் பதிவாக ஏற்றுங்கள். தலைப்பு நான் எழுதி வந்திருக்கிறேன்: பஞ்சமி நிலம். டி.சி. நிலம். தலித்துகள் – நிலவுரிமை. மிராசுதாரர். செங்கல்பட்டு. சிங்கிள்புட். பிறகு அந்தப் பழைய வார்த்தை, வழிகாட்டி அட்டையாக. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள், இப்பவே சேர்த்துவிடலாம்.

ஜெய்பீம்.